என்னைப் பார்த்துப் போட்ட நாற்காலி

3 பிப்ரவரி 2014, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் இந்த டைரியை டாக்டர் ரபீக்கிடம் கொடுத்தார். டாக்டர் அதை என் பக்கம் தள்ளினார். "தினமும் அவருக்கு என்ன செய்யுதுன்னு இதுல குறிச்சு வைங்கம்மா. ஊசி கொஞ்சம் முரட்டு மருந்து" என்றார். அதை எனக்குச் சொல்லவே வேண்டாம். பத்தொன்பது வருஷமாக இதே அரசு ஆஸ்பத்திரியில் ஊர்க்காரர்களின் காதைச் சோதிப்பதுதான் என் வேலை. இந்தக் கனாமைசின் ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் குத்தாலிங்கத்துக்குக் காசநோய். வழக்கமான மாத்திரைக்கு அடங்காத வகை. ஆறு மாதம் தினமும் ஊசி, ஞாயிறு மட்டும் லீவு. அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் மாத்திரை. பஸ் ஓட்டுகிற மனுஷன், இப்போது மெடிக்கல் லீவில் வீட்டில் கிடக்கிறார்.

டாக்டர் விதியைச் சொன்னார். மாதம் ஒரு முறை காதைச் சோதிக்க வேண்டும். கீச்சுச் சத்தங்களில் இருபது டெசிபல் இறங்கினால் அன்றைக்கே அவரிடம் சொல்ல வேண்டும். ஊசியை வாரத்துக்கு மூன்றாகக் குறைப்பார், இல்லாவிட்டால் மருந்தை மாற்றுவார். பிந்தினால் காது போய்விடும். "திருநெல்வேலியில எடுத்துக்கிடலாமே. சொந்தக்காரங்கள நாமளே டெஸ்ட் பண்றது..." என்று இழுத்தார். "மாசம் ஒரு தடவை என்ன சார், வாரா வாரம் சனிக்கிழமை நானே எடுத்துடுதேன்" என்றேன். அந்தக் காதை என்னைவிட யார் நன்றாகப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்?

ஊசிக்கு முந்தைய அளவை இன்றே எடுத்தேன். இரண்டு காதும் நன்றாக இருக்கின்றன. நாலாயிரம் ஹெர்ட்ஸில் மட்டும் கோட்டில் சின்னப் பள்ளம். இருபது வருஷம் என்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்ததற்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி.

5 பிப்ரவரி, புதன்

காலையில் சுகாதார நிலையத்தில் ஊசி. இடது பக்கம் வீக்கம், உப்பு ஒத்தடம் கொடுத்தேன்.

சாயங்காலம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். "ஊசி போடுதது இடுப்புல. அது காதுக்கு எப்பிடிட்டி போவும்?" என்று கேட்டார். கேள்வி கேட்டால் எனக்கு விளக்காமல் இருக்க முடியாது. உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள், பட்டாணி அளவுதான். உள்ளே முழுக்கத் தண்ணீர். சத்தம் செவிப்பறையில் மோதினால் அந்தத் தண்ணீரில் அலை எழும்பும். சுருள் நெடுகப் பதினைந்தாயிரம் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மயிர்க்கற்றை. ஒரு மயிரின் நுனியையும் அடுத்த மயிரையும் இழை ஒன்று இணைத்திருக்கும். அலையில் மயிர்கள் சாயும்போது இழை இழுபடும், உடனே ஒரு கதவு திறக்கும். வெளியே இருக்கும் பொட்டாசியம் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சல்தான் கரண்ட். அடியில் நரம்பு காத்திருந்து அதை வாங்கி மூளைக்கு அனுப்பும். ஒரு நொடிக்குள் ஆயிரம் தடவை திறந்து மூடுகிற கதவு அது.

"அப்போ எங் காதுக்குள்ள ஈ.பி. ஆபீஸே இருக்குன்னு சொல்லு" என்றார்.

ஊசி மருந்து ரத்தத்தோடு போய் அந்தத் தண்ணீரிலும் கலக்கும் என்றேன். செல்லுக்குள் நுழைய அதற்குத் தனி வழி கிடையாது. சத்தம் திறக்கிற அதே கதவு வழியாகத்தான் நுழையும். நுழைந்தால் லேசில் வெளியே வராது, உள்ளேயே இருந்து கொல்லும். செத்த செல் மறுபடி முளைக்காது.

உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டார். "யாரும் பேசாம, சத்தமில்லாம இருந்தா கதவு தொறக்காதுல்லா?"

"அது எப்பவும் கொஞ்சம் தொறந்துதான் இருக்கும்."

"சாத்தத் தெரியாத வீட்டுல குடியிருக்கோம்" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனுஷனுக்கு எதைச் சொன்னாலும் விளையாட்டு.

8 பிப்ரவரி, சனி

முதல் வாரப் பரிசோதனை. வெளிச்சத்தம் புகாத அந்தச் சின்ன அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தியதும் மூச்சு முட்டுகிறது என்றார். சுவரெல்லாம் பஞ்சு, காற்றே கிடையாது, நெஞ்சுச் சளிக்காரருக்கு முட்டத்தானே செய்யும். "ஒம் மொகத்தையாவது பாத்துக்கிட்டு இருந்தா தேவலை" என்றார்.

நாற்காலியைப் பக்கவாட்டில்தான் போட வேண்டும். சோதிக்கிறவளின் கையும் முகமும் அவர்கள் கண்ணில் படக்கூடாது. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். ஆனால் பஞ்சுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருமுகிறவரை நான் என்ன செய்ய? நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம், வெளியே மெஷினில் உட்காரும் என்னைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். கை தெரியாமல் மெஷினுக்கு முன்னால் ஒரு ஃபைலை நிறுத்திவைத்தேன். அமைதியாக உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கினார். அளவில் மாற்றம் இல்லை.

15 பிப்ரவரி, சனி

மாற்றம் இல்லை.

24 பிப்ரவரி, திங்கள்

காலையில் பல் தேய்க்கும்போது, "உலகு, காதுக்குள்ள வண்டு ஒண்ணு கத்துது" என்றார். காதில் இரைச்சல்தான் இந்த ஊசியின் முதல் அடையாளம். மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டேன், எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாய், "வண்டு இருக்கா போயிட்டா?" என்று கேட்டேன். "அது காலையிலேயே போயிட்டே. தண்ணி எதும் போயிருக்கும்" என்றார்.

நான் முகம் வெளுத்துப்போய் நின்றேனாம், அதற்கு ஒரு கேலி. டாக்டரிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். போய்விட்டதே, எதற்குச் சொல்ல.

1 மார்ச், சனி

அதே அளவு. ஊசி போட்ட இடம் இரண்டு பக்கமும் கல்லாகிவிட்டது, குப்புறப் படுத்துத்தான் தூங்குகிறார். ஊசிக்கு ஒருநாள் லீவு போடலாமா என்று சும்மா கேட்டதற்குக் கோபம் வந்துவிட்டது. அவருடைய அண்ணன் சண்முகையா அத்தானுக்கும் இதே நோய்தான். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டார். அடுத்த வருஷம் ரத்தமாகக் கக்கி, இவர் மடியில்தான் தலைசாய்ந்தார். "எங்கண்ணன் பண்ணுன தப்ப நான் பண்ண மாட்டேன். ஊசி நிக்கப்படாது" என்றார்.

19 மார்ச், புதன்

சாயங்காலம் கடைக்குப் போகும்போது குக்கரில் பருப்பு வைத்து, "நாலு விசில் வந்தா எறக்கிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் குக்கர் கரி. அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். "ஏதோ யோசனையில இருந்துட்டேன்" என்றார். நோய்க்காரரிடம் கோபப்படக் கூடாது என்று பார்த்தாலும் வாய் நிற்கவில்லை, நன்றாகத் திட்டினேன். புளி போட்டு ஊறவைத்து ஒரு மணி நேரம் தேய்த்தும் அடி விடவில்லை.

29 மார்ச், சனி

அதே அளவு. இம்முறை எட்டு வாரத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோடுகள் அச்சடித்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. யாருக்கும் வாரத்துக்கு வாரம் ஐந்து டெசிபல் முன்பின் ஆகும், தூக்கம் குறைந்தாலே ஆகும். இவருக்கு அதுகூட இல்லை. டாக்டரிடம் காட்டினேன். "ரொம்ப நல்ல காதும்மா, அப்படியே தொடரலாம்" என்றார். சளியிலும் கிருமி இல்லையாம். வரும் வழியில் அல்வா வாங்கிக்கொண்டு வந்தேன்.

10 ஏப்ரல், வியாழன்

பிறந்த குழந்தைகளுக்கென்று புது மெஷின் வந்திருக்கிறது. கையடக்கம். குழந்தை பொத்தானா அமுக்கும்? இதற்கு அது தேவையில்லை.

காதுக்குள் இருக்கிற செல்களில் முக்கால்வாசி வெளிவரிசைச் செல்கள். அவை சும்மா நிற்பதில்லை. அலை வந்தால் தாங்களே நீண்டு சுருங்கி ஆடும், அந்த ஆட்டத்தில் சின்னச் சத்தமும் பெரிதாகும். ஆடும்போது தாங்களும் மெல்லச் சத்தம் எழுப்பும். அது காதிலிருந்து வெளியே வரும். இந்த மெஷின் காதுக்குள் இரண்டு சத்தத்தை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வந்தால் செல்கள் உயிரோடு இருக்கின்றன. இதில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

முதலில் பிறந்து இரண்டு நாளான ஒரு பெண் குழந்தைக்குப் பார்த்தேன். தூங்கிக்கொண்டே பதில் சொன்னது. அந்த அம்மாவைவிட எனக்குத்தான் அதிக சந்தோஷம். அவருக்கும் ஒரு தடவை வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

12 ஏப்ரல், சனி

புது மெஷினுக்குப் பெரியவர்கள் காதுக்கான ரப்பர் முனை வரவில்லை. அவருக்குப் பழைய மெஷினிலேயே எடுத்தேன். மாற்றம் இல்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து மகள் சுகந்தி போன் பண்ணினாள். கடைசிப் பரீட்சை முடிந்துவிட்டது, அங்கேயே வேலைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். "அப்பாட்ட குடும்மா, நானே சொல்லுதேன்" என்றாள். கொடுத்தேன். போனை வைத்துக்கொண்டு, "சந்தோஷம்மா, ஒடம்பப் பாத்துக்க, நல்லாச் சாப்பிடு" என்று சொல்லி அரை நிமிஷத்தில் என்னிடமே திருப்பிவிட்டார். "என்னம்மா, வேலைக்குப் போறேன்னு சொல்லுதேன், அப்பா ஒண்ணுமே கேக்கல?" என்று அவளுக்கு வருத்தம். அப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது, அதனால்தான் கொடுத்துவிட்டார் என்றேன். அப்படித்தான் இருக்கும்.

அவருக்குத் தொண்டை பெரிதாகிவிட்டது. அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரிப் பேசுகிறார். டிரைவர் தொண்டை.

6 மே, செவ்வாய்

பெரியவர்களுக்கான முனைகள் வந்துவிட்டன. மேசை இழுப்பில் வைத்தேன். இந்த வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான முகாம், தலைக்கு மேல் வேலை.

17 மே, சனி

மாற்றம் இல்லை.

மத்தியானம் கடைக்குப் போய்விட்டு வந்தால் டி.வி. ஓடுகிறது, சத்தமே இல்லை. கரண்ட் போய் வந்ததில் ஏதோ ஆகியிருக்கிறது. அவர் பாட்டுக்குக் காமெடி பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். முன்னால் போய் நின்று, "என்ன, சத்தமில்லாமப் பாக்கியளே?" என்றேன். என்னைப் பார்த்தார், டி.வி.யைப் பார்த்தார். "நீ படுத்திருக்கன்னு நெனைச்சேன்" என்றார். பாவம், எனக்காக.

24 மே, சனி

பரிசோதனை முடிந்து அவரை வெளியே அனுப்பிவிட்டு அறையைத் துடைக்கும்போது பார்த்தேன். வலது காது ஹெட்போன் வயர் சுவரில் சொருகும் இடத்தில் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. வலது காதுக்கும் அதே அளவுதான் வந்திருந்தது. பத்து, பதினைந்து, பத்து டெசிபல்.

எழுந்து வரும்போது காலில் இடறிக் கழன்றிருக்கும். ஆமாம், அவர் எழுந்த பிறகுதான் கழன்றிருக்க வேண்டும். சொருகிவிட்டு வந்தேன். இன்று வெயில் தாங்கவில்லை. தலைவலி.

31 மே, சனி

அதே. இரண்டு மாதம்தான் மிச்சம், அப்புறம் ஊசி கிடையாது.

8 ஜூன், ஞாயிறு

காலை பத்து மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் பிசகிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை, கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள், கை எட்டவில்லை. "ஏங்க" என்று கூப்பிட்டேன். அவர் நாலடி தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், கதவிடுக்கில் அவர் பாதம்கூடத் தெரிகிறது. "ஏங்க, விழுந்துட்டேங்க" என்றேன். கத்தினேன். வாளியைக் கதவில் அடித்தேன். பாதம் ஆடவில்லை. பேப்பர் புரட்டும் சத்தம் எனக்குக் கேட்டது.

எவ்வளவு நேரம் கத்தினேன் என்று தெரியாது. எதிர்வீட்டு பாக்கியத்தக்கா தெருவைத் தாண்டி ஓடிவந்தார். அக்கா வந்து தோளைத் தொட்ட பிறகுதான் இவர் திரும்பினார். கதவை உடைத்து என்னைத் தூக்கும்போது இவர் முகத்தைப் பார்த்தேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "ஏன் உலகு, அவியளுக்குக் காது கேக்காதா?" என்றார்.

9 ஜூன், திங்கள்

காலைக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனேன், அவரையும் கூட்டிக்கொண்டு. இழுப்பைத் திறந்து பெரியவர் முனையை எடுத்தேன். மெஷின் சரியாக இருக்கிறதா என்று முதலில் என் காதில் வைத்தேன். என் காது பதில் சொன்னது. அவர் வலது காதில் வைத்தேன். பதில் இல்லை. இடது காது. இல்லை. முனையை மாற்றிப் பார்த்தேன். மெஷினை அணைத்துப் போட்டேன். மறுபடி மறுபடி வைத்தேன். இரண்டு காதிலும் ஒன்றுமே இல்லை.

அவர் மெஷினைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். அதிலேயே படித்துவிட்டார்.

"எப்பயிருந்து?" என்றேன். உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன்.

"வண்டு வந்த மறு மாசத்துல இருந்து" என்றார். அறை அதிரப் பேசினார். வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் கதவைச் சாத்தினேன்.

"பின்ன எப்பிடி அமுக்குனிய?"

"நீ சத்தத்தப் போடும்போது கீழுதட்டக் கடிப்ப. அதப் பாத்து அமுக்குவேன்." கொஞ்சம் பெருமைகூட இருந்தது அந்தக் குரலில். "எல்லாத்துக்கும் அமுக்குனா நீ நம்ப மாட்டியே. மூணு தடவ அமுக்கி ஒரு தடவ விட்டுருவேன். காது நல்லா இருந்தப்ப அப்பிடித்தான இருந்துச்சு, ஞாபகம் வச்சுக்கிட்டேன்."

இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். நான் உதட்டைக் கடிப்பது எனக்கே தெரியாது. கையை ஃபைலால் மறைத்தேன், முகத்தை மறைக்கத் தோன்றவில்லை.

"ஏன்? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ டாக்டர்ட்ட சொல்லுவ. ஊசிய நிப்பாட்டிருவாங்க. எங்கண்ணன் மாதிரிப் போயிருவேன். நீயும் பிள்ளையும் என்ன செய்விய?" பிறகு குரலைத் தணித்துச் சொல்வதாக நினைத்துக்கொண்டு அதே சத்தத்தில் சொன்னார்: "செவிடா இருந்தாலும் உசுரோட இருப்பேம்லா."

நிறுத்தமாட்டார்கள் என்று நான் கத்தினேன். குறைப்பார்கள், வேறு மருந்துக்கு மாற்றுவார்கள், அதற்காகத்தான் இந்தப் பரிசோதனையே. வேகமாகச் சொன்னதால் அவருக்குப் பிடிபடவில்லை. "மெதுவாச் சொல்லு" என்றார்.

10 ஜூன், செவ்வாய்

டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டார். நான் கையெழுத்துப் போட்ட பதினெட்டுத் தாள்களையும் மேசையில் பரப்பிவைத்து வெகுநேரம் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. "மார்ச்சுலயே தெரிஞ்சிருந்தா மாத்தியிருப்பேம்மா. பேச்சு கேக்குற அளவுக்காவது காப்பாத்தியிருக்கலாம்" என்றார். அதுவும் எனக்குத் தெரிந்ததுதான். முதலில் போவது கீச்சுச் சத்தம், அப்புறம்தான் மற்றது. நான்கு மாதம் படிப்படியாகப் போயிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் நான் "மாற்றம் இல்லை" என்று எழுதியிருக்கிறேன்.

இன்று நிறுத்தினாலும் செல்லுக்குள் போன மருந்து அங்கேதான் இருக்கும், வாரக்கணக்காக. மிச்சம் மீதி ஏதாவது இருந்தாலும் அதையும் தின்னும். டாக்டர் இதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்.

சளியில் கிருமி இல்லை. நெஞ்சு தெளிவாகிவிட்டதாம்.

11 ஜூன், புதன்

காலையில் வழக்கம்போல ஊசிக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். இல்லை என்று கையை ஆட்டினேன். சட்டையைக் கழற்றாமலே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

20 ஜூன், வெள்ளி

டைரியை முதலிலிருந்து படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

அவர் என்னை ஏமாற்றினார் என்றுதான் பத்து நாளாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சுகந்தியிடமும் அப்படித்தான் சொன்னேன். பொய். வயர் கழன்று கிடந்ததைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். குக்கர் கரிந்தபோதே தெரிந்திருக்க வேண்டியவள் நான். வேறு எவனுக்காவது அந்த மாதிரி எட்டு தாள்கள் அச்சாக விழுந்திருந்தால், இந்த ஆள் பொய்யாக அமுக்குகிறான் என்று ஒரு நொடியில் சொல்லியிருப்பேன். பெரியவர் முனை ஒரு மாதம் என் முழங்காலுக்குப் பக்கத்து இழுப்பில் கிடந்தது. ஐந்து நிமிஷ வேலை. எனக்கு அந்தப் பதில் வேண்டாம் என்று இருந்தது. அவர் உயிருக்குப் பயந்தார். நான் எதற்குப் பயந்தேன்? நல்ல தாளை எடுத்துக்கொண்டு அல்வா வாங்கப் போவதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

சாயங்காலம் அவருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன், எழுதிப் பேசிக்கொள்ள. முதல் கேள்வி அவருடையது: "திரும்ப முளைக்கவே முளைக்காதா?" நான் எழுதினேன்: "கோழிக்கு முளைக்கும். மனுஷனுக்கு முளைக்காது." உண்மைதான், கோழிக்கும் குருவிக்கும் அந்தச் செல்கள் மறுபடி வளரும். அவர் படித்துவிட்டு, "கொக்கரக்கோ" என்றார், தெருவே கேட்க. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

28 ஜூன், சனி

காது மெஷின் வைத்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பக்கத்துத் தெரு வாத்தியார் வைத்திருக்கிறாராம், போனெல்லாம் பேசுகிறாராம். நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார்: "எனக்கும் ஒண்ணு பாரு. அதோட டூட்டிக்குப் போயிருவேன்." காது மெஷின் சத்தத்தைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தைக் கரண்டாக மாற்ற உள்ளே ஆள் வேண்டும். வாத்தியாருக்குப் பாதிப் பேராவது இருக்கிறார்கள்.

இதை நோட்டில் எழுதப் பேனாவைத் திறந்தேன். "முதல்ல அளவு எடுக்கணும்" என்று எழுதிவிட்டேன்.

5 ஜூலை, சனி

ஃபைலுக்குச் சரியான அளவு வேண்டும் என்றார் டாக்டர். திருநெல்வேலிக்கு அனுப்பட்டுமா என்று எழுதிக் காட்டினார். "எதுக்கு சார், அவளே எடுக்கட்டும்" என்றார் இவர். முகம் சவரம் செய்து, டூட்டிச் சட்டை போட்டு வந்திருந்தார். "இந்தத் தடவ கள்ள ஆட்டம் கெடையாது உலகு. மிஷினுக்கு எவ்வளவு வைக்கணுமோ கரெக்டாப் பாத்துச் சொல்லு" என்றார்.

பக்கவாட்டில் போட்டால் போதும். நான் நாற்காலியை முழுக்கத் திருப்பி அவர் முதுகு எனக்குத் தெரிகிற மாதிரிப் போட்டேன். ஹெட்போன் வயரை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தேன். பொத்தானை அவர் கையில் கொடுத்தேன். கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். கதவைச் சாத்திவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.

ஆயிரம் ஹெர்ட்ஸில் ஆரம்பித்துச் சத்தத்தை ஏற்றினேன். நாற்பது. அறுபது. எண்பது. நூறு. மெஷின் கொடுக்கிற கடைசி அளவு வரை போனேன். ஹெட்போனிலிருந்து கசிந்த சத்தம் கண்ணாடியைத் தாண்டி எனக்கே கேட்டது. அவர் கட்டைவிரல் அசையவில்லை. இரண்டாயிரம், நாலாயிரம், எட்டாயிரம். திரும்ப ஐந்நூறுக்கு வந்தேன். பிறகு இடது காது, அதே வரிசை. எங்கெல்லாம் பதில் இல்லையோ அங்கெல்லாம் தாளின் அடியில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி போட வேண்டும். எல்லா இடத்திலும் போட்டேன். மொத்தம் இருபது நிமிஷம் ஆனது.

ஸ்விட்சை அணைக்கப் போகும்போது உள்ளே இருந்து பெரிய குரலில் கேட்டார்.

"ஏட்டி உலகு, ஆரம்பிச்சிட்டியா?"

"முடிஞ்சிட்டுங்க" என்றேன். அவர் முதுகு அப்படியே இருந்தது. பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.